உழுவை ஏன் இளைத்தது?

அத்தியாயம் நான்கு

"கொலை" என்றுதான் பெல்ஹம் துரை டெலிபோனில் சொன்னார். "ஒன்று இல்லை. வரிசையாகக் கொலை. நீ உடனே வா."

கோலசிலாங்கூர் கடைத்தெருவில், சீனி முகம்மதுவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், 'ராஃபேல் துப்பறியும் நிலையம்' என்று பலகை தொங்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் வந்த வழக்குகள் காணாமல் போன ஆடும், தாலி கட்டுவதற்கு முந்தின நாள் ஓடிப்போன ஒரு மாப்பிள்ளையும்தான். ஆட்டைக் கண்டுபிடித்தபோது அது குழம்பாகியிருந்தது. மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தபோது அவன் திரும்பி வர மறுத்துவிட்டான். ஆகவே கொலை என்ற சொல் காதில் விழுந்ததும் ராஃபேல் கோட்டை மாட்டினான். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்த காலத்துக் கோட்டு அது. வேலையை விட்ட பிறகு இடுப்பில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது.

"சார், கோட்டுல பொத்தான் தெறிச்சு யாரு மேலயாவது பட்டா அதுவும் கொலைதான்" என்றாள் முரியல். அவனுடைய ஒரே உதவியாளர். கான்வெண்டில் டைப்பிங் படித்தவள். டைப் அடிக்க வழக்கு வராததால் வாய் அடிப்பதில் தேர்ந்திருந்தாள்.

அவசரகாலச் சட்டம் வந்து எட்டாவது வருஷம் அது. இருவரும் ஏறிய ஈஜோக் பஸ் அசாம் ஜாவா போலீஸ் தடுப்பில் நின்றது. போலீஸ்காரர் ஒருவர் ஏறி ஒரு பிரயாணியின் பையிலிருந்து பால் டின்னை எடுத்தார். கையோடு வைத்திருந்த ஆணியால் அதில் ஓட்டை போட்டார். ஓட்டை விழுந்த டின் கெட்டுப்போகும், கெட்டுப்போனதைக் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் பதுக்க முடியாது, எனவே இந்த வழியாகப் போகும் டின் எதுவானாலும் அதில் ஓட்டை இருக்க வேண்டும் என்பது மாவட்ட உணவுக் கட்டுப்பாட்டுக் கமிட்டியின் உத்தரவு. அந்தக் கமிட்டிக்குத் தலைவர் பெல்ஹம் துரை. பஸ் குலுங்கக் குலுங்கப் பால் ஒழுகி, கில்டோனன் தோட்டத்தில் இறங்கும்போது ராஃபேலின் சப்பாத்து தரையோடு ஒட்டிக்கொண்டது.

"கமிட்டி நம்மள அன்பா பிடிச்சு வச்சிருக்கு லா" என்றாள் முரியல்.

பங்களாவைச் சுற்றி முள்வேலி, அதற்குள் செம்மண் மூட்டைச் சுவர், அதற்குள் துரை. நெட்டையான மனிதர், சிவந்த முகம். தோட்டத் துரைகளுக்கு வைக்கும் தமிழ்ப் பரீட்சையில் முதலாவதாகத் தேறியவர். அந்தப் பரீட்சையில் ஏவல் வினை மட்டும்தான் கேட்பார்கள் போலிருக்கிறது.

"நீ துப்பறிபவன். உள்ளே வா. பிணத்தைப் பார்."

ஐஸ் பெட்டியைத் திறந்து வெண்ணெய்த் தட்டு ஒன்றை வெளியே எடுத்தார். தட்டில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் கிடந்தது. வெளிர் நிறம், கன்னத்தில் நீலப் புள்ளிகள்.

ராஃபேல் தட்டைப் பார்த்தான். பிறகு தன் கோட்டைப் பார்த்துக்கொண்டான்.

"சார், இறந்தவங்களோட சொந்தக்காரங்களுக்குத் தகவல் போயிடுச்சான்னு கேளுங்க" என்று முரியல் அவன் காதில் சொன்னாள்.

சொந்தக்காரர் அடுத்த அறையில்தான் இருந்தார். ஜன்னலோரம், டிரங்குப் பெட்டி அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் தண்ணீர். ஜெராம் மீனவர்கள் தீவுப் பக்கமிருந்து கொண்டுவந்த பாறைகளில் பூப்போலப் பவழம் விரிந்திருந்தது. ஆரஞ்சும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட மீன்கள் இரண்டு அதற்குள் புகுந்து புகுந்து வந்தன. அடியில் வெள்ளை மணல். அந்த மணலின்மேல் இன்னொரு நீலப் புள்ளிக்காரன் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"இது உழுவை" என்றார் துரை. அவர் குரல் இளகிவிட்டது. "உழுகிறது. பார். வாயில் மணல் எடுக்கும். மணலில் சின்னப் பூச்சி இருக்கும். பூச்சியைத் தின்னும். மணலைக் காது வழியாக விடும்."

சொன்னபடியே மீன் தலையைக் குத்தி ஒரு வாய் மணலை அள்ளியது. மென்றது. செவுள் வழியாக மணல் புகைபோலக் கொட்டியது. அது நகர்ந்த இடமெல்லாம் மணல் சலித்த மாவாகச் சுத்தமாகக் கிடந்தது.

"கமிட்டி ரூல்ஸ நம்ம லயத்து ஆளுங்களும் இப்படித்தான் சார் வாங்கி, காது வழியா விட்டுடறாங்க" என்று முரியல் முணுமுணுத்தாள்.

நல்லவேளையாக துரைக்கு அது கேட்கவில்லை. அவர் மீனைப் பற்றித் தொடர்ந்தார். பட்டை மீன்களுக்கு இறால் நறுக்கிப் போட்டால் போதும். உழுவைக்கு மணலில் இருப்பதுதான் சாப்பாடு. சின்னத் தொட்டி, பூச்சி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் டிரைவர் இருசப்பன் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெராம் கடற்கரைக்குப் போய் ஒரு பெரிய பிஸ்கோத்து டின் நிறைய உயிருள்ள மணல் கொண்டுவருவான். மறுநாள் துரை மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் அவனே பழைய மணலை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுவிடுவான். இவ்வளவு செய்தும் உழுவைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

"கம்யூனிஸ்ட்" என்றார் துரை. "என்னைச் சுட முடியவில்லை. என் மீனை விஷம் வைக்கிறான்."

ராஃபேல் தொட்டியின் முன் குனிந்தான். மீனுக்காகக் குனிகிறோமே என்ற வெட்கம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. அந்த மீன் ஓயாமல் வேலை செய்தது. அள்ளியது, மென்றது, துப்பியது, மறுபடி அள்ளியது. ஆனால் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

"விஷம் இல்லை துரை" என்றான். "விஷம் என்றால் பட்டை மீன்களும் செத்திருக்கும். இது பட்டினிச் சாவு."

துரைக்கு மூக்கு நுனிவரை சிவந்தது. "பட்டினியா? என் தோட்டத்தில் பட்டினி கிடையாது! எல்லோருக்கும் ஒரே கிச்சன். அரிசி வீட்டில் வைக்கக் கூடாது, சமைத்த சோறு வாங்கிப் போ. உப்பு, ஆளுக்கு ஒரு சிட்டிகை. மற்ற தோட்டத்தில் சோறு சப்பென்று இருக்கிறது என்று வேலை நிறுத்தம் செய்கிறான். என் தோட்டத்தில் ஒருவன்கூட முணுமுணுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு கரண்டி தின்று பார்க்கிறேன். மிக ருசி! கோலாலம்பூரிலிருந்து எனக்குப் பாராட்டு வந்தது."

ராஃபேல் பாராட்டுக்குத் தலையசைத்துவிட்டுப் பங்களாவின் பின்பக்கம் போனான்.

பின்னால் சமையல்கட்டு, துணி காயும் கொடி, வாழைக் கன்றுகள், வேலி. எங்கு பார்த்தாலும் செம்மண். அவன் வேலியோரமாக ஒரு சுற்று நடந்தான். வாழையடியைக் காலால் கிளறினான். சாக்கடையை எட்டிப் பார்த்தான்.

"என்ன சார் தேடறீங்க, ஆடா?"

"மணல். வாரம் ஒரு டின் மணல் தொட்டிக்குள் போகிறது. வாரம் ஒரு டின் மணல் வெளியே வந்திருக்க வேண்டும். இந்தச் செம்மண்ணில் ஒரு கை கடல் மணலைக் கொட்டினால்கூட, கறுப்புச் சட்டையில் சுண்ணாம்பு பட்ட மாதிரி தெரியும். எங்கே அது?"

முரியல் சுற்றும் முற்றும் பார்த்தாள். ஒரு வெள்ளைத் துகள் இல்லை.

"அப்போ பழைய மணல் வெளிய வரல."

"வெளியே வரவில்லை, தொட்டியும் நிரம்பி வழியவில்லை. அப்படியானால் புதிய மணல் உள்ளே போகவேயில்லை. அந்த மீன் மாதக் கணக்காக ஒரே மணலை மென்றுகொண்டிருக்கிறது."

"ஆனா டின்னு வருதே."

"அதைத்தான் வாசலில் கேட்கப் போகிறோம்."

தோட்டத்து வாசலில் காவலுக்கு நின்றவன் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வீரன். கையிலிருந்த துப்பாக்கி அவனைவிட வயதில் மூத்தது. ஒரு சிகரெட் கொடுத்ததும் சரளமாகப் பேசினான்.

"நான் சோதிக்காம எந்த டின்னையும் விட மாட்டேன்யா. மூடியத் தொறந்து, மணல்ல விரல வச்சு, நாக்குல வச்சுப் பாப்பேன். உப்புக் கரிக்கும். கடல் மணலுன்னா கரிக்கத்தானே செய்யும்? உள்ள விட்டுடுவேன்."

"மணலில் விசேஷமாக எதையாவது பார்த்தாயா?"

வீரன் கூச்சத்தோடு சிரித்தான். "சொன்னா சிரிப்பீங்க. மேலாப்புல ஒரு சோழி கெடக்கும்யா. பாதி ஒடஞ்ச சோழி. ராசியானது. அதப் பாத்துட்டா அன்னிக்கு டூட்டி லேசா ஓடிரும். ஒரு வாரங்கூட தவறுனதில்ல."

முரியல் கண்ணை அகல விரித்தாள். "வாரா வாரம் அதே சோழியா? கடலுக்கு உங்க மேல அவ்வளவு பாசமா?"

"எனக்கும் அதான் ஆச்சரியம்" என்றான் வீரன், நெஞ்சு நிறைய.

ராஃபேல் நடந்தான். ரப்பர் மரங்களின் நிழலுக்கு வந்ததும் நின்று கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். தீர்ப்புச் சொல்லும் வேளையில் அப்படிச் செய்வது அவன் வழக்கம்.

"முரியல், வருவது ஒரே மணல். அதே மணல்தான் இங்கிருந்து ஜெராமுக்குப் போகிறது, ஜெராமிலிருந்து இங்கே வருகிறது. அது சரக்கு இல்லை, மூடி. நாலு விரல் மணலுக்கு அடியில் வேறு ஏதோ இருக்கிறது. ஜெராமில் தாராளமாகக் கிடைப்பது, இங்கே கிடைக்காதது. கருவாட்டுக் கொட்டகை நிறைய மூட்டை மூட்டையாக இருப்பது. சோதிக்கிறவன் நாக்கில் வைத்தாலும் சந்தேகப்படாதது."

"உப்பு" என்றாள் முரியல்.

"உப்பு! கமிட்டித் தலைவரின் வண்டியில், அவருடைய மீனின் பெயரால், கட்டுப்பாட்டுச் சரக்கு. என்ன துணிச்சல்!"

"அந்த உப்பு எங்க சார் போகுது?"

"காட்டுக்கு. வேறு எங்கே?"

"பாத்தீங்களா?"

"பார்க்க வேண்டியதில்லை. தர்க்கம்."

முரியல் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "தர்க்கத்துல எனக்கு வயிறு நெறையாது சார். கிச்சன்ல போய் ஒரு வாய் சாப்பிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போய்விட்டாள்.

ராஃபேல் தடுக்கவில்லை. அவனுக்கு நிறைய வேலை இருந்தது. துரையிடம் போய், இன்று சனிக்கிழமை, நாலு மணிக்கு மணல் டின் வந்ததும் குற்றவாளியை இந்த ஹாலிலேயே நிறுத்துகிறேன், இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்கள் என்றான். அதன்பிறகு வராந்தாவில் முன்னும் பின்னுமாக நடந்து பேச வேண்டியதைப் பழகினான். 'சீமான்களே' என்று ஆரம்பிப்பதா, 'கனவான்களே' என்று ஆரம்பிப்பதா என்பது மட்டும் கடைசிவரை முடிவாகவில்லை. மூன்று மணியாகியும் முரியலைக் காணோம். ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு நேரமா என்று நினைத்துக்கொண்டான்.

நாலு மணிக்கு எல்லோரும் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் சிவானந்தம் இரண்டு போலீஸ்காரர்களுடன் வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கனத்த உடம்பு, முகமெல்லாம் வியர்வை. கைக்குட்டையால் துடைத்தார், பிழிந்தார், மறுபடி துடைத்தார். வேன் சத்தம் கேட்டது. டிரைவர் இருசப்பன் பிஸ்கோத்து டின்னை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தான். நாற்பது வயதிருக்கும். போலீஸைக் கண்டதும் டின்னை இன்னும் இறுக்கிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் முரியல் நுழைந்தாள். பாவாடை விளிம்பெல்லாம் ஈரச் சேறு. முகம் வெயிலில் கறுத்திருந்தது.

ராஃபேல் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"கனவான்களே! உழுவை மீன்களைக் கொன்றவன் வெளியிலிருந்து வரவில்லை. வாராவாரம் இந்த வாசல் வழியாகத்தான் வந்தான். இதோ, இந்த டின்னுக்குள்ளேதான் அவனுடைய—"

"நீ எங்கே போனாய்?" என்று துரை இடைமறித்து முரியலைக் கேட்டார். ஹாலில் சேறு படிவது அவருக்குப் பிடிக்கவில்லை.

"உங்க கிச்சன்ல சாப்பிட்டேன் துரை. அப்புறம் காத்து வாங்கப் போனேன். வர்ற வழியில இருசப்பண்ணன் ஏத்திக்கிட்டாரு."

"கிச்சன் சோறு எப்படி?"

"பிரமாதம்" என்றாள் முரியல். துரையைப் பார்த்துச் சொல்லவில்லை. ராஃபேலைப் பார்த்துச் சொன்னாள். "உப்பு கச்சிதமா இருந்துச்சு."

"கேட்டாயா இன்ஸ்பெக்டர்!" துரை தொடையைத் தட்டினார். "ஒரு சிட்டிகை! அது போதும் என்று நான் சொன்னேன்!"

ராஃபேல் தூக்கிய காலரை மெல்ல இறக்கினான்.

ஆளுக்கு ஒரு சிட்டிகையில் நூற்றுக்கணக்கான பேரின் சோறு எப்படிக் கச்சிதமாகும்? மற்ற தோட்டமெல்லாம் முகம் சுளிக்கும் சோறு இங்கே மட்டும் எப்படி ருசிக்கும்? உப்பு காட்டுக்குப் போகவில்லை. பானைக்குப் போயிருக்கிறது. சமைத்த சோறு சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். அதை யாரும் காட்டுக்குச் சுமந்துகொண்டு போகப் போவதில்லை.

இருசப்பனைப் பார்த்தான். ராஃபேலுக்குக் கோர்ட்டு ஞாபகம் வந்தது. முந்தானையில் ஒரு பிடி சர்க்கரை முடிந்து வைத்திருந்த ஒரு பெண். பிள்ளைக்குப் பாலில் கலக்க என்று அழுதாள். தண்டனையை மாஜிஸ்டிரேட் ஆங்கிலத்தில் சொன்னார். அதை அவளுக்குத் தமிழில் சொன்னது ராஃபேல். இந்த மனுஷனைச் சிறையில் போட்டு, பிறகு கப்பலேற்றி, அவன் பிறக்கவே பிறக்காத தாத்தா ஊருக்கு அனுப்புவார்கள். காரணம், நாலு விரல் மணலும் ஒரு துப்பறிபவனின் தர்க்கமும்.

"சொல்" என்றார் துரை. "டின்னுக்குள் என்ன?"

"டின்னுக்குள்..." ராஃபேல் துரையின் பக்கம் திரும்பினான். "துரை, முதலில் ஒரு காபி குடிக்கலாமா?"

"நல்ல யோசனை" என்றார் இன்ஸ்பெக்டர் உடனே. "வெயில் ஜாஸ்தி."

"காபி கிடையாது! திற!"

வேறு வழியில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து மூடியை நெம்பினார். நாலு விரல் ஆழம்வரை கையை விட்டுத் தயங்கினார். துரை கழுத்தை நீட்டிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டு முழங்கைவரை உள்ளே அழுத்தினார். ராஃபேல் மனசுக்குள் ஜெபம் சொன்னான். அவன் மாதாகோயிலுக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

கை வெளியே வந்தது. ஈர மணல். அதில் சிவப்பாய் ஒரு புழு நெளிந்தது. பட்டாணி அளவு நண்டு ஒன்று இன்ஸ்பெக்டரின் கட்டை விரலில் ஏறி, திசை தெரியாமல் நின்றது.

"அடிவரைக்கும் மணல்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். அவ்வளவு பெரிய பெருமூச்சை ஒரு போலீஸ் அதிகாரி ஏன் விட வேண்டும் என்று அப்போது ராஃபேல் யோசிக்கவில்லை. அவனே அதைவிடப் பெரிதாக ஒன்று விட்டுக்கொண்டிருந்தான்.

"அப்படியானால் குற்றவாளி எங்கே?" துரை எழுந்தே விட்டார். "நீ டின்னுக்குள் என்று சொன்னாய்!"

ராஃபேல் டின்னைப் பார்த்தான். அதன் பக்கவாட்டில் ஆணி ஓட்டைகள். அசாம் ஜாவா தடுப்பில் வாரம் ஒன்றாகக் குத்தியவை. ஒவ்வொன்றிலும் ஒட்டுப்பாலை உருட்டி அடைத்திருந்தது. பால்மரத்து வெட்டில் காய்ந்து கிடக்கும் ரப்பர் அது. ஒன்றில் மட்டும் அடைப்பு விலகி, துரையின் கம்பளத்தில் தண்ணீர் சொட்டியது.

மறுபடி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"டின்னுக்குள் இல்லை துரை. டின்னில். இந்த ஓட்டைகளைப் பாருங்கள். உயிருள்ள மணல் என்றால் அதில் கடல் தண்ணீர் நிற்க வேண்டும். தடுப்பில் ஓட்டை போடுகிறார்கள். தண்ணீர் வழியெல்லாம் ஒழுகிவிடுகிறது. மிச்சத்தை வெயில் குடித்துவிடுகிறது. புழுவும் பூச்சியும் வண்டியிலேயே செத்துப்போகின்றன. உழுவைக்கு வந்து சேருவது வெறும் மண். இன்று என் உதவியாளர் ஒட்டுப்பாலால் அடைத்துக் கொண்டுவந்தார். என் உத்தரவுப்படி. மணல் உயிரோடு வந்திருக்கிறது."

முரியலின் ஒரு புருவம் மட்டும் உயர்ந்தது.

"ஓட்டை போட உத்தரவு போட்டது யார்?" என்று துரை கர்ஜித்தார்.

போலீஸ்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் நண்டைப் பார்த்தார். துரையின் முகத்திலிருந்த சிவப்பு மெதுவாக இறங்கிக் கழுத்துக்குப் போனது.

"ஓ" என்றார்.

பிறகு யாருடைய கண்ணையும் பார்க்காமல் சொன்னார்: "இன்ஸ்பெக்டர். இன்றிலிருந்து என் மீன் டின்னில் ஆணி அடிக்கக் கூடாது. மூடி திறக்கக் கூடாது. தடுப்பில் வெயிலில் நிறுத்தக் கூடாது. எவனும் தொடக் கூடாது. சொல்லிவிடு."

"உத்தரவு துரை" என்றார் இன்ஸ்பெக்டர், சல்யூட் அடித்து.

இருசப்பன் பழைய மணலை ஒரு ஓரமாக அள்ளி எடுத்துவிட்டுப் புதிய மணலைக் கைப்பிடியாகத் தொட்டியில் இறக்கினான். தண்ணீர் கலங்கித் தெளிந்தது. உழுவை கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றது. மெல்ல வந்து ஒரு வாய் அள்ளியது. அள்ளியதும் அசையாமல் நின்றது. ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்தது போலிருந்தது. செவுளில் மணல் கொட்டி முடிப்பதற்குள் அடுத்த வாய், அதற்கடுத்த வாய். தலை உள்ளே புதைய வால் மட்டும் வெளியே துடித்தது. துரை கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு, "தின்னு, தின்னு" என்றார். அந்த ஒரு ஏவல் வினையில் மட்டும் அதிகாரம் இல்லை.

வெளியே வந்து லயத்துப் பாதையில் பாதி தூரம் போனதும் ராஃபேல் கேட்டான்.

"ஜெராமுக்கு எப்படிப் போனாய்?"

"கிள்ளானுக்கு ரப்பர் பால் ஏத்திட்டுப் போற லோரியில. முதல் வாய் வச்சதுமே தெரிஞ்சிடுச்சு சார். கிச்சன் நடத்தற மாடில்டா அக்காகிட்ட நேராவே கேட்டேன். அகப்பையால மண்டையில போட்டுடுவாங்களோன்னு இருந்துச்சு. அப்புறந்தான் சொன்னாங்க."

"என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா? அதுக்குள்ள நீங்க இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்ட சேதி கிச்சன் வரைக்கும் வந்திடுச்சு. வேணாம்னு திருப்பியனுப்பினா துரை சும்மா விடுவாரா? டின்னைச் சுத்தமாக்கறதுதான் சுலபம். உங்க வாயைத்தான் என்ன பண்றதுன்னு தெரியாம பயந்துட்டே வந்தேன்."

கிச்சன் என்பது தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. இருசப்பன் அவர்களுக்கு முன்பே வந்து அடுப்போரம் குந்தியிருந்தான். அந்தக் கிச்சனை நடத்தும் மாடில்டா, ஆள் உயரப் பானைக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றாள். அகலமான முகம், அதில் பயமும் கோபமும் பாதிப்பாதி.

"என்ன செய்யச் சொல்றீங்க சார்?" என்றாள், அவன் கேட்பதற்கு முன்பே. "கமிட்டி உப்பைக் குறைச்ச மாசம், வெயில்ல பால் வெட்டிட்டு இருந்த பொண்ணுங்க கை கால் இழுத்துக்கிட்டு மரத்தடியில விழுந்தாங்க. வேர்வையில போற உப்பு சோத்துலதானே வரணும்? துரைகிட்ட சொல்லிப் பாத்தோம். ஒரு கரண்டி தின்னு பாத்துட்டு ருசின்னு சொன்னாரு. அன்னிக்கே இருசப்பன் ஜெராமுக்குப் போயிட்டு வந்துட்டான். ரப்பர் ஷீட்டுல சுத்தி, மேல மணலப் போட்டு."

"காட்டுக்கு ஒரு கைகூடப் போகவில்லையே?"

"இங்க வாங்கிட்டுப் போற சோறு லயத்து வாசலத் தாண்டறதில்ல சார். காட்டுக்கு எங்க மிச்சம்?"

ராஃபேல் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டான். இருசப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அந்த மீனத்தான் ஐயா நெனைக்காமப் போயிட்டேன். வாயில்லாத சீவன். அது பாட்டுக்கு மணல மென்னுக்கிட்டே இருக்கும், சாப்புடுதுன்னுதான் நெனைச்சேன்."

"துரையும் நம்மளப் பத்தி அப்படித்தான் நெனைச்சாரு" என்றாள் மாடில்டா.

கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது. இனி டின்னில் மேல்பாதி உயிருள்ள மணல், கீழ்ப்பாதி உப்பு. மணல் தொட்டிக்கு, உப்பு பானைக்கு. யாரும் மூடியைத் திறக்கப் போவதில்லை, அதற்குத் துரையே உத்தரவு போட்டாகிவிட்டது. இந்த ஒரு வாரம் மட்டும் சோறு சப்பென்று இருக்கும்.

அப்போது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இருசப்பன் துள்ளி எழுந்தான். மாடில்டாவின் அகப்பை பானைக்குள் விழுந்தது. இன்ஸ்பெக்டர் சிவானந்தம் தனியாக உள்ளே வந்தார். ராஃபேல் அவருக்கும் இருசப்பனுக்கும் நடுவில் போய் நின்றான்.

இன்ஸ்பெக்டர் முதுகுக்குப் பின்னாலிருந்த கையை முன்னால் கொண்டுவந்தார். அதில் நாலடுக்குத் தூக்குச்சட்டி.

"ஸ்டேஷன் மெஸ்ஸுல வாயில வைக்க முடியல, மாடில்டாம்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. "வழக்கம்போல நிரப்பிக் குடுங்க. இந்த வாரம் உப்பு கம்மியா இருந்தாலும் பரவாயில்ல. அடுத்த சனிக்கிழமை தவறாம வந்துடும்ல?"

மாடில்டா அகப்பையைத் தேடி எடுத்தாள். இருசப்பன் பொத்தென்று உட்கார்ந்தான். ராஃபேல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

முரியல் அவன் கையிலிருந்த கோட்டை வாங்கி ஒழுங்காக மடித்தாள்.

"விடுங்க சார். இந்த மாவட்டத்துலயே விஷயம் தெரியாம இருந்தது ரெண்டே பேருதான். ஒருத்தர் துரை."